ஆர்மண்ட் ஜெர்விஸுக்கு யார் பதில் சொல்வது

மிஸ் ஒலீதா ஜெர்விஸ் பெட்ரோல் ஊற்றும்போது பேசமாட்டார். கைப்பிடியைச் சுற்றினால்தான் பெட்ரோல் ஏறும் பழைய பம்ப் அது. கேமன் பிராக் தீவின் கிழக்குப் பாதிக்கு அது ஒன்றுதான். சுற்றி முடித்து, மூடியைத் திருகி, கையைத் துணியில் துடைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். பின்னால் நிற்பவர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தால், "அவசரமா இருந்தா கடல் வழியா போங்க, அங்க வரிசை கிடையாது" என்பார். அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பனையோலைத் தொப்பி, ஆண்கள் போடும் கனத்த பூட்ஸ், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேற்குக் கோடியிலிருந்து ஒரு கப்பல்காரர் அவரைக் கல்யாணத்துக்குக் கேட்டு இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை ஒலீதா அவருடைய வண்டித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, "காசு வேண்டாம். இது போதும், நல்ல தூரம் போகலாம்" என்று சொல்லி அனுப்பினார். ஊரில் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு நாள், நல்ல வெயிலில், கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் பேசினார்.

"வண்டியில்லாம வரிசையில எதுக்குடா நிக்கிற?"

வரிசையில் முதல் வண்டி மிஸ் வெர்னீஸ் ரிவர்ஸுடையது. ஒலீதாவின் பக்கத்து வீடு, ஏறக்குறைய ஒரே வயது, சின்ன வயதிலிருந்து சிநேகம். வெர்னீஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தார். பின்னால் இரண்டு வண்டிகள். அதற்குப் பின்னால் வெறும் சாலை.

"யாரைடி திட்டுற?"

"ஆர்மண்டை."

வெர்னீஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "இது நவம்பர் இல்லையே."

"அதைத்தான் நானும் அவன்கிட்ட கேக்கிறேன்."

ஒலீதா கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் பெட்ரோல் கிடைக்கவில்லை.

ஆர்மண்ட் அவருடைய தம்பி. போர்க்காலத்தில் எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போனவன். நாற்பத்திரண்டாம் வருடம் அந்தக் கப்பலை ஒரு நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது. அந்த நவம்பரில், தந்தி வருவதற்கு முன்பே, வடமேற்குக் காற்று எழும்பிய ஒரு சாயங்காலம் அவன் ஒலீதாவின் மணல் முற்றத்தில் வந்து நின்றான். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி. கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒரு வாரம் வந்தான், பிறகு காணோம். அடுத்த நவம்பரில் மறுபடியும் வந்தான். அதற்கடுத்த நவம்பரிலும்.

இதை ஒலீதா மறைத்ததில்லை. எங்கள் ஊரில் இது மறைக்க வேண்டிய விஷயமும் இல்லை. "தம்பி வந்தாச்சா?" என்று நவம்பரில் விசாரிப்போம். "நேத்திலிருந்து நிக்கிறான்" என்பார், வீட்டுக்கு விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோல. வருடத்தில் ஒரு வாரம் என்றால் யாரும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் ஜூலையில் வந்தவன் போகவே இல்லை. ஆகஸ்டில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவன் முதுகு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், கடைசி பெஞ்சுக்கும் பின்னால், எல்லோரும் பீடத்தைப் பார்க்க அவன் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு. செப்டம்பரில் ஒரு காலை ஒலீதா எழுந்து வந்தபோது வீட்டுக்குள்ளேயே தரை நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்பு. ஒலீதா இளைத்துப்போனார். கைப்பிடியைச் சுற்றும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினார்.

"உட்காரவே மாட்டேங்கிறான்டி," என்று வெர்னீஸிடம் சொன்னார். "நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. காலு எப்படி வீங்கியிருக்கு தெரியுமா? இத்தனை வருஷம் நின்னா வலிக்காதா அவனுக்கு?"

போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு நவம்பரில் வரும் நினைவு நாளில் எங்கள் ஊரிலும் மற்ற ஊர்களைப் போலவே அணிவகுப்பு உண்டு. சிவப்புக் காகிதப் பூ, பதக்கங்கள், பியூகிள் ஊதல் எல்லாம் உண்டு. ஆனால் பெயர் படிக்கும்போது நாங்கள் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருவர் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பதில் எல்லோருக்கும் ஒரே வார்த்தை: "கடலில்."

இந்தப் பழக்கம் போரில் வந்ததில்லை. முப்பத்திரண்டாம் வருடப் புயலில் வந்தது. அதுவும் நவம்பர்தான். கடல் எழுந்து வீடுகளுக்குள் நுழைந்தபோது, தப்பியவர்கள் பாறைச் சுவரில் ஏறிக் குகைகளில் ஒண்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத இருட்டு. அப்போது ஒருவர் ஊரிலுள்ள எல்லாருடைய பெயர்களையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார். உள்ளே இருந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். இல்லாதவர்களுக்காக அவரவர் வீட்டு ஆட்கள் "வெளியே" என்றார்கள். செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. பார்த்திருந்தாலும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஒருவரைச் செத்தார் என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர் வாசலுக்குத்தான் செத்தவர் வந்து நிற்பார்.

ஒலீதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது, ஆர்மண்டுக்கு ஒன்பது. தம்பியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொண்டு பாறை ஏறினார். விடிந்து கீழே இறங்கியபோது பாதாம் மரத்தடியில் அம்மா கிடந்தார். சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்கம்மா செத்துட்டாங்க" என்று ஒலீதாதான் சொன்னார். அம்மா ஒரு மாதம் வாசலில் நின்றார். பிறகு ஒரு காலையில் இல்லை, அப்புறம் வரவும் இல்லை. அப்பா கிடைக்கவில்லை. அவர் இன்றுவரை வெளியேதான்.

போர் முடிந்ததும் சர்ச்சுக்கு முன்னால் கடலைப் பார்த்து ஒரு தூண் எழுப்பி, திரும்பி வராத பதினோரு பேரின் பெயர்களைப் பொறித்தோம். முதல் வருடம் முதல் பெயரைப் படித்தபோது அந்தப் பையனின் தாய் சட்டென்று "கடலில்" என்று பதில் சொல்லிவிட்டார். யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அடுத்த பெயருக்கும் பதில் வந்தது. அன்றிலிருந்து ஆர்மண்ட் ஜெர்விஸ் என்ற பெயருக்கு ஒலீதா பதில் சொல்லி வந்தார், ஒரு வருடம்கூடத் தவறாமல்.

அக்டோபர் கடைசியில் கேப்டன் கார்ல்டன் பெட்ரோலுக்கு வந்தார். ஓய்வுபெற்ற கப்பல் தலைவர். அணிவகுப்பை நடத்துபவரும் பெயர் படிப்பவரும் அவர்தான். அன்று குகையில் பெயர் கூப்பிட்டது அவருடைய அப்பா.

ஒலீதா ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"கேப்டன், இந்த வருஷம் ஆர்மண்ட் பேருக்கு நான் வேற பதில் சொல்லப் போறேன்."

"வேற பதில்னா?"

"செத்துட்டான்னு."

கேப்டன் அவசரமாகக் கார் கண்ணாடியை ஏற்றினார். ஏற்றினால் பேச முடியாது என்று தோன்றியதும் மறுபடியும் இறக்கினார்.

"நீங்க பாத்தீங்களா, மிஸ் ஒலீதா?"

"வருஷா வருஷம் பாக்கிறேன். என் முற்றத்துல."

"அது அவன் வந்ததைப் பாத்தது. போனதைப் பாத்தீங்களா?"

"அதை யாருமே பாக்கலையே. அதனாலதான நிக்கிறான். நீ போயிட்டடான்னு ஒருத்தர் அவன்கிட்ட சொல்லணும். நாம என்ன செய்றோம்? வருஷம் ஒரு தடவை நல்ல துணி உடுத்திக்கிட்டு, அவன் பேரைக் கூப்பிட்டு, நீ கடல்லதான் இருக்கன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் ஆமைக்கறி சாப்பிடுறோம். அவனும் சரி, நான் இன்னும் வேலையிலதான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறான்."

"அந்தத் தூண்ல பதினோரு பேர் இருக்காங்க. நீங்க ஒருத்தனை அவிழ்த்துவிட்டா மத்த வீடுகள்ல என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"மத்த வீடுகளுக்கு நான் பெட்ரோல்தான் ஊத்துறேன். அவங்களுக்காகப் பதில் சொல்லல."

கேப்டனுக்குக் கழுத்து சிவந்துவிட்டது. "இங்க பாருங்க. 'கடலில்'னு சொல்றதா இருந்தா வாங்க. இல்லன்னா உங்க தம்பி பேரை நான் படிக்கவே மாட்டேன். அவனை யாரும் கூப்பிடவும் மாட்டாங்க, பதிலும் இருக்காது. அது உங்களுக்குச் சம்மதமா?"

ஒலீதா குழாயை எடுத்து பம்பில் மாட்டினார். தொட்டி மூடியைத் திருகினார்.

"இது வீடு வரைக்கும்கூட வராதே," என்றார் கேப்டன்.

"மீதி, நீங்க யோசிச்சிட்டு வரும்போது."

கார் சர்ச் மேட்டில் நின்றுவிட்டது. "என்ன கேப்டன், நங்கூரம் போட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நான்கு பேர் தள்ளினார்கள். அதற்குள் செய்தி ஊர் முழுக்கப் போயிருந்தது.

வெர்னீஸ் அன்று சாயங்காலம் ஒலீதாவின் சமையலறைக்கு வந்து உட்காராமலேயே பேசினார். அவருடைய கணவர் டெல்மரும் அதே கப்பலில் போனவர்தான். கடலில் இருக்கிற கணவருக்கு வெர்னீஸ் பெண்டாட்டிதானே. அதனால் பின்னால் தன்னோடு பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய ஹோண்டுராஸ்காரரைச் சர்ச்சில் மணக்க முடியவில்லை. அந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நீ சொன்னா நானும் சொல்லணும்டி," என்றார் வெர்னீஸ். "டெல்மர் என் வாசல்ல வந்து நின்னா நான் என்ன சொல்றது? இன்னொருத்தன் சட்டை இன்னமும் என் பெட்டியில மடிச்சிருக்கு. அது அவனுக்குத் தெரியாம இருக்குமா?"

"உன் ஆளை நீ பாத்துக்கோ. நான் என் தம்பியைச் சொல்றேன்."

"நீ பாக்கலையேடி. பாக்காம சொன்னா அது பலிக்குமா?"

அன்று இரவெல்லாம் அந்தக் கேள்விதான் ஒலீதாவை அரித்தது.

பார்த்திருக்கக் கூடியவர் தீவில் ஒருவர்தான் இருந்தார். அந்தக் கப்பலிலிருந்து எங்கள் ஊருக்கு உயிரோடு திரும்பியது ஸீபர்ட் டாட்டம் மட்டும். போர் முடிந்து வந்ததும் அவர் ஒரு தடவை சொன்னார்: இருட்டில் உயிர்காப்புப் படகுகள் பிரிந்துவிட்டன, மற்றவர்களைப் பற்றித் தெரியாது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கிழக்குக் கோடியில் தனியாக இருந்தார், மீன் கூண்டு பின்னினார். நினைவு நாளன்று விடியும்போதே படகை எடுத்துக்கொண்டு போய்விடுவார். படகு மோட்டாருக்குப் பெட்ரோல் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்தனுப்புவார். ஒரு தடவைகூட பம்புக்கு நேரில் வந்ததில்லை. அவருக்கு ஒலீதாவைப் பிடிக்காது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த வாரம் டப்பா வந்தபோது ஒலீதா அதைத் திருப்பி அனுப்பவில்லை. தானே நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஸீபர்ட் முற்றத்தில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். ஒலீதாவைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாருங்கள் என்று சொல்லவில்லை.

"வச்சிட்டுப் போங்க, மிஸ் ஒலீதா. காசு அனுப்பிடறேன்."

"காசுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்."

"படகுங்க பிரிஞ்சு போச்சு."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

ஸீபர்ட் கம்பியைப் பார்த்தார். "அதைத்தான் எல்லாரும் கேப்பாங்க."

"அப்ப சொன்ன அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல."

"நடந்ததும் மாறலையே."

ஒலீதா டப்பாவைக் கீழே வைத்தார். அவர் சண்டை போடத்தான் வந்திருந்தார். நடந்து வந்த களைப்போ என்னவோ, சண்டை வரவில்லை. வெர்னீஸிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அவன் இப்பப் போறதே இல்ல, மிஸ்டர் ஸீபர்ட். ராத்திரி பகல்னு இல்லாம நிக்கிறான். ரெண்டு காலும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கு. தோல் வெளுத்துப்போய், கணுக்கால் எங்க இருக்குன்னே தெரியல. உட்காருடான்னா உட்கார மாட்டேங்கிறான்."

ஸீபர்ட்டின் கையிலிருந்து குறடு விழுந்தது.

"என்ன சொன்னீங்க? காலு?"

"முட்டி வரைக்கும்."

அவர் குனிந்து குறடை எடுக்கவில்லை. ஒலீதாவைத் தாண்டி, அவர் வந்த வழியை, அந்தச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. ஒலீதா பெட்ரோலை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

நினைவு நாளன்று காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. தூணுக்கு அப்பால் அலை பாறையில் மோதித் தெறிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்கள். சாரணர்கள் வந்தார்கள். பதக்கம் அணிந்த கிழவர்கள் வந்தார்கள். அதில் இருவர் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். புதிதாக வந்திருந்த மாவட்ட ஆணையர் வெள்ளை உடுப்பில் மலர்வளையத்தோடு நின்றார். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். மேற்குக் கோடியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

ஒலீதா வெள்ளைக் கவுனில் வந்தார். தூணைப் பார்க்கவில்லை. தூணுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம், ஏனென்று கேட்காமலே, மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்துகொண்டது.

கேப்டன் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. "கடலில்." "கடலில்." ஒரு குரல் கிழவியுடையது, ஒரு குரல் போனவரைப் பார்த்தேயிராத பேத்தியுடையது. காற்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டு போனது.

ஆர்மண்டின் முறை வந்தபோது கேப்டன் நிறுத்தினார். தாண்டிவிடுவார் என்றுதான் நினைத்தோம். தாளைக் கீழே இறக்கினார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் ஏற்றினார். வாழ்நாளெல்லாம் கப்பலில் ஆள் கணக்கு எடுத்தவர். ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போக அவருக்கு வாய் வரவில்லை.

"ஆர்மண்ட் ஜெர்விஸ்."

ஒலீதா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. "பாக்காததைச் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் தெரிஞ்சுது" என்று பிற்பாடு சொன்னார். "ஒரு வார்த்தைதான். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு." அவர் உதடுகள் அசைவதை எல்லோரும் பார்த்தோம். ஒரு அலை வந்து மோதி, வடிந்தது.

"செத்துட்டான்."

அது ஆண் குரல். கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. எல்லோருக்கும் பின்னால், ரொம்பப் பழைய கறுப்புக் கோட்டில் ஸீபர்ட் டாட்டம் நின்றுகொண்டிருந்தார்.

"நான் பாத்தேன்," என்றார். "என் படகுலதான் இருந்தான். படகுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. காலு ரெண்டும் வீங்கி வெளுத்துப்போச்சு, உட்காரவே முடியல அவனால. பாய்மரக் கழியைப் பிடிச்சிக்கிட்டு நின்னுட்டே இருந்தான், எந்தப் பக்கம் கரைன்னு பாத்துக்கிட்டு. ஒரு நாள் சரிஞ்சான். நான்தான் கடல்ல இறக்கினேன். செத்துட்டான்."

மாவட்ட ஆணையர் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து, தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். எங்களில் சிலரும் அவரைப் பார்த்துக் குனிந்தோம். ஒலீதா அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் அடுத்த பெயரைப் படித்தார். வேறென்ன செய்வார்? அடுத்ததையும் படித்தார். பிறகு:

"டெல்மர் ரிவர்ஸ்."

வெர்னீஸ் பதில் சொல்லவில்லை. முழுதாகத் திரும்பி ஸீபர்ட்டைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார். "இவரையும் சொல்லிடுங்க."

ஸீபர்ட் தலையை ஆட்டினார். "டெல்மர் எஞ்சின் அறையில இருந்தாரு, மிஸ் வெர்னீஸ். படகுக்கு வரல. நான் பாக்கல. பாத்திருந்தா சொல்லிடுவேன்."

வெர்னீஸின் தோள்கள் இறங்கின. நிம்மதியா, ஏமாற்றமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. தூணைப் பார்த்துத் திரும்பி, "கடலில்" என்றார். அந்த நாளிலேயே உரத்த குரல் அதுதான்.

பியூகிள் ஊதினார்கள். சர்ச் கூடத்தில் சாப்பாடு. ஆமைக்கறி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், மரவள்ளிக் கேக். ஸீபர்ட் சுவரோரம் ஒரு தட்டோடு நின்றார். அவரைச் சுற்றி நாலடிக்கு யாரும் போகவில்லை. கோபம் இல்லை. அவர் பின்னால் யார் நிற்கிறார்களோ என்ற பயம். ஒலீதாவும் போகவில்லை. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், கேக்கை விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"போய்ப் பேசுடி," என்றார் வெர்னீஸ்.

"என்ன பேசுறது? முப்பது வருஷத்துக்கு மேல அந்த ஆள் என்கிட்ட பெட்ரோல் வாங்கியிருக்கான். டப்பா டப்பாவா. ஒரு வார்த்தை சொல்ல முடியல அவனுக்கு."

வீட்டுக்குப் போனார். முற்றத்தில் யாரும் இல்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. தரையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அம்மாவுக்கு ஒரு மாதம் கிடைத்தது. தம்பிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை, சொன்ன மறுநொடியே போய்விட்டான். நல்லதுதானே, இதற்குத்தானே இத்தனை சண்டை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அவனுடைய முகத்தை அவர் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் முதுகு மட்டும்தான். இனிமேல் அதுவும் இல்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு அவர் கிழக்குக் கோடிச் சாலையில் நடந்துகொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள். வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னவர்களுக்குக் கையை மட்டும் ஆட்டினார்.

ஸீபர்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டு முன்னால் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து கிடந்தது.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?" என்றார் ஒலீதா, நின்றபடியே.

"சொன்னா இங்க வருவான்."

"வந்தா என்ன? உங்களை அடிப்பானா?"

"அடிக்க மாட்டான்." ஸீபர்ட் கைகளைப் பார்த்தார். "சரிஞ்சதும் செத்துடல, மிஸ் ஒலீதா. கூட்டத்துல அதைச் சொல்லல. என் மடியில கிடந்தான். குடிக்கத் தண்ணி கேட்டான். எங்கிட்ட கொஞ்சம் இருந்துச்சு. நான் கொடுக்கல. ரெண்டு பேருக்குப் பத்தாது, அவன் எப்படியும் போயிடுவான்னு கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். அவன் போனான், நான் பொழைச்சேன்."

ஒலீதா சாலைப் பக்கம் திரும்பி நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் ஸீபர்ட் நினைத்தாராம். அடிப்பார் என்றும் நினைத்தாராம்.

"என் பேரைச் சொன்னானா?" என்றார் கடைசியில்.

"பேரைச் சொல்லல. 'அக்கா பிடிச்சிக்கோ'ன்னு சொன்னான். நிறைய தடவை."

ஒலீதா வீட்டுக்குள் போனார். அடுப்படியில் தேடி ஒரு குவளையை எடுத்தார். மழைத்தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து பெஞ்சின் நடுவில் வைத்தார். பிறகு பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தார்.

"நீங்க போங்க, மிஸ் ஒலீதா. இருட்டிடும்."

"நான் அவனைப் பாக்கணும். இந்தத் தடவை கடல் பக்கம் இல்ல, உங்களைப் பாத்துத்தான் வருவான். முகம் தெரியும்."

ஸீபர்ட் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.